என் வாழ்க்கையில் குறைகளே கண்ணில் படுகின்றன. யாருக்காவது உதவினால் மனம் மாறுமா? கோத்தகிரிப் பக்கம் எங்கே தொடங்கலாம்?

மாறும். ஆனால் "நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்தால் நம் அருமை தெரியும்" என்று கிளம்பாதீர்கள். அப்படிக் கிளம்புகிறவர்கள் டிசம்பரில் ஒரு கட்டுக் கம்பளியோடு வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடுகிறார்கள். கம்பளி கொடுப்பது தப்பென்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில், ஒரே வீட்டில் மூன்று குழு கொடுத்த மூன்று கம்பளி இருக்கும். உள்ளே படுத்திருக்கும் பாட்டியைத் திருப்பிப் போட மட்டும் ஆள் இருக்காது.

அதனால் ஒரே வேலையைச் சொல்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை வாரம் அரை நாள் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மகளோ மருமகளோ தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற வீடாக இருக்கும். அவருக்குச் சந்தை, துணி துவைப்பது, தூக்கம் எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதான். நேரே போய்க் கதவைத் தட்ட வேண்டாம். கிராம சுகாதாரச் செவிலியரையோ, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலரையோ கேளுங்கள். வீட்டார் சம்மதித்தால் மட்டும் போங்கள்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும்: இடது, மல்லாக்க, வலது. ஒரேயடியாக ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எடை முழுவதும் இடுப்பெலும்பு முனையில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று. குதிகால் மெத்தையில் படவே கூடாது. ஆளைப் பிடித்து இழுத்தால் தோல் உரசிப் பிய்ந்துவிடும். அடியில் மடித்த போர்வையைப் போட்டு, இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துத் தூக்கி நகர்த்துங்கள்.

திருப்பும்போதெல்லாம் வாலெலும்பு, இடுப்பு, குதிகால், காதுமடல் நான்கையும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் இன்னும் கைமீறவில்லை. அழுத்தியும் சிவப்பு மாறாவிட்டால் புண் தொடங்கிவிட்டது, அன்றைக்கே செவிலியரிடம் சொல்லுங்கள். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். வளையத் தலையணையும் வேண்டாம், அதன் விளிம்பே சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரிக்கும். பவுடர் ஈரத்தில் கட்டிபட்டு உறுத்தும். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது செவிலியர் வேலை, அதில் கை வைக்க வேண்டாம்.

சமவெளியில் சொல்லிக்கொடுப்பது எல்லாம் இங்கே அப்படியே பொருந்தாது. தண்ணீர் மெத்தை நம் குளிரில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். காற்று மெத்தைக்கு மோட்டார் ஓடியாக வேண்டும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய நீலகிரி மாவட்டம் இது, மழையில் மரம் சாய்ந்தால் கரண்ட் எப்போது வருமென்று சொல்ல முடியாது. காற்று இறங்கினால் ஆள் பலகையில் படுத்த மாதிரிதான். அடியில் கட்டாயம் ஒரு ஃபோம் மெத்தை இருக்கட்டும். காற்று மெத்தை இருந்தாலும் திருப்புவதை நிறுத்தக் கூடாது.

பக்கவாதம் வந்த காலில் வெந்நீர்ப் பை வைக்கவே வைக்காதீர்கள். சுடுவது அவருக்குத் தெரியாது, தோல் கொப்பளித்த பிறகுதான் நமக்கும் தெரியும். கரிக்கங்குச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவது அதைவிட மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது, படுத்திருப்பவரால் எழுந்து வெளியேறவும் முடியாது. காலுக்கு உறை, தலைக்குக் குல்லா, இதுதான் பாதுகாப்பு.

குளிரில் அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டுமே, பிள்ளைகளுக்குத் தொந்தரவாச்சே என்று வயதானவர்கள் தண்ணீரையே குறைத்துவிடுவார்கள். அப்புறம் நீர்க்கடுப்பு, மலச்சிக்கல். டாக்டர் அளவு வைத்திருந்தால் தவிர, திருப்பும்போதெல்லாம் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் கொடுங்கள். உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறும். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் சாய்ந்து உட்காரட்டும்.

நீங்கள் கேட்ட மனமாற்றம் இந்த வேலைக்கு நடுவில்தான் வரும். தூக்கத்தில் புரண்டு படுப்பதை யாரும் ஒரு கொடுப்பினையாக எண்ணுவதில்லை. ஒருவருக்கு அதைக் கடிகாரம் பார்த்துச் செய்துவிடும்போது எண்ணாமல் இருக்க முடியாது. ஆனால் அதை முகத்தில் காட்டாதீர்கள். "நாமெல்லாம் எவ்வளவோ பரவாயில்லை" என்று அந்த வீட்டிலேயே நின்று சொல்கிறவர்கள் உண்டு. பாட்டிக்குக் காது நன்றாகவே கேட்கும்.

கேட்காவிட்டாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மே மாத சீசனில் ஊட்டிக்குப் போன வண்டிகளையெல்லாம் கோத்தகிரி வழியாகத்தான் மேட்டுப்பாளையத்துக்கு இறக்குகிறார்கள். 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் (இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு) வந்தும் கொண்டை ஊசி வளைவுகளில் கார்கள் ஊர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. நோயாளியைக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் விடிவதற்குள் கிளம்பச் சொல்லுங்கள். ஒதுங்கி வழிவிட இடமில்லாத சாலையில் ஆம்புலன்ஸ் மட்டும் என்ன செய்யும்?

போகும் முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள், மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றிவிடுங்கள். அந்த வயதில் தோல் சின்னக் கீறலுக்கே கிழியும். மழைக்காலத்தில் இங்கே துணி காயாது. பழைய பருத்தி வேட்டி, புடவை நாலைந்தைக் கிழித்துக் காயவைத்து எடுத்துப்போங்கள்.