குட்டி கடிக்கிறதா? முதலில் தூங்க வையுங்கள்

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாடி போர்ஷனில் குடியிருக்கிறோம். தெருநாய் போட்ட குட்டிகளில் ஒன்றை என் மகன் தூக்கி வந்துவிட்டான். அப்போது ஒரு மாதம் இருக்கும், இப்போது இரண்டரை மாதம். எந்நேரமும் கடி. விரல், கணுக்கால், நைட்டி, மாமியாரின் புடவை எதையும் விடுவதில்லை. சாயந்திரம் பிள்ளைகள் ட்யூஷன் முடிந்து வந்ததும் தலைகால் புரியாமல் ஆடுகிறது. நேற்று மகள் கையில் பல் பட்டு ரத்தம் வந்துவிட்டது. "மூக்கில் ஒன்று போட்டால் அடங்கும்" என்கிறார் மாமியார். எனக்கு அடிக்க மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மகளின் கையைப் பாருங்கள். காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். நேற்றே கழுவியிருந்தாலும் இன்று மறுபடி கழுவலாம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். இன்றைக்கே ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசிக்குக் காசு கிடையாது. ரத்தம் வந்த காயம் என்பதால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் போடச் சொல்லலாம், மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். அடுத்தடுத்த ஊசிகளுக்கு அவர் எழுதித் தரும் தேதிகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். "பால்குட்டிதானே, நம்ம வீட்டு நாய்தானே" என்று சும்மா இருந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். உங்கள் குட்டி தெருவில் பிறந்தது. தாய்க்கு ஊசி போட்டிருந்ததா என்று தெரியாது. குட்டிக்கோ 3 மாதம் ஆன பிறகுதான் வெறிநோய் ஊசி போடுவார்கள்.

இனி குட்டி விஷயம். அது கோபத்தில் கடிக்கவில்லை. ஒரு பொருள் என்னவென்று பார்ப்பதும் விளையாடக் கூப்பிடுவதும் அதற்கு வாயால்தான். 28 பால்பற்கள், ஒவ்வொன்றும் ஊசி மாதிரி. கூடப் பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது வீலென்று கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாய் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டி இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. 8 வாரமாவது தாயோடு விடச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் குட்டிக்கு அந்தப் பாடம் பாதியில் நின்றுவிட்டது. மிச்சத்தை நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தச் சாயந்திர ஆட்டம். இந்த வயதுக் குட்டிக்கு ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரத் தூக்கம் வேண்டும். இரண்டு அறை வீட்டில் அது எங்கே கிடைக்கும்? காலையில் பாத்திரச் சத்தம், பகலெல்லாம் டிவி, வருவோர் போவோர் எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவது. கண்ணை மூடும்போதெல்லாம் யாராவது எழுப்பிவிடுகிறார்கள். தூக்கம் கெட்ட குட்டி ஓய்ந்து படுக்காது, இன்னும் அதிகமாக ஆடும். காது பின்னால் ஒட்டியிருக்கும், கண் விரிந்திருக்கும், கட்டிலுக்கும் கதவுக்குமாக ஓடும், குறுக்கே வந்த காலைக் கவ்வும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் ஏறாது. அந்த நேரத்தில் பயிற்சி எதுவும் எடுபடாது. மூத்திரம் போக விட்டு, ஒரு ஓரத்தில் துணி விரித்துப் படுக்கவிட்டு, விளக்கை அணையுங்கள். கொஞ்ச நேரம் முனகும், அப்புறம் கால் நீட்டித் தூங்கிவிடும்.

ஆகவே இன்று முதல் அதற்கென்று ஒரு மூலை ஒதுக்குங்கள். கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டிகளை வைத்து மறைத்தாலே போதும். வெயிலில் காயும் மொட்டை மாடி வேண்டாம். சுமார் ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து தூக்கம் என்று பழக்குங்கள். பிள்ளைகள் வருவதற்கு முன் ஒரு தூக்கம் கட்டாயம் முடிந்திருக்க வேண்டும். தூங்கும்போது யாரும் தொடக் கூடாது. இதை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே கடி பெருமளவு குறைந்துவிடும் என்பது என் அனுபவம்.

விழித்திருக்கும்போது கையில் பல் பட்டால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஓடுகிற விரலைத் துரத்துவது அதற்கு விளையாட்டு. இழுப்பதில்தான் தோலும் கிழிகிறது. கையைத் தளர விடுங்கள். சாதாரணக் குரலில் "போதும்" என்று சொல்லி, எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அரை நிமிடம் கழித்து வந்து, கடிக்கத் தகுந்த ஒரு பொருளைக் கொடுத்து விளையாட்டைத் தொடருங்கள். மறுபடி கடித்தால் மறுபடி இதே. மூன்றாவது தடவையும் கடித்தால் அது தூக்கத்துக்கான அறிகுறி, மூலைக்கு அனுப்பிவிடுங்கள். "வலிக்குதுனு கத்துங்க, விட்டுடும்" என்றும் சிலர் சொல்வார்கள். சில குட்டிகள் விட்டுவிடும், பல குட்டிகளுக்கு அந்தக் கத்தலே உற்சாகம். அதனால் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: கடிக்க வந்தால் ஓடாதே, கத்தாதே, கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி நில். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளைகளையும் குட்டியையும் தனியே விடவும் வேண்டாம்.

மாமியாரிடமும் பேசிவிடுங்கள். மூக்கில் அடித்தால் குட்டி ஒன்று கையைக் கண்டு பயப்படும், இல்லை எகிறிக் கடிக்கும். உறுமினால் அடி என்று பழகிவிட்ட நாய் பெரிதானபின் உறுமாமலே கடிக்கக்கூடும். கையில் மிளகாய்த்தூள், வேப்பெண்ணெய் தடவுவதும் வேண்டாம். புடவையைக் கவ்வினால் நடையை நிறுத்தச் சொல்லுங்கள், துணி அசையாவிட்டால் அதற்குச் சுவாரசியம் போய்விடும். வீட்டில் ஒருவர் "போதும்" என்று எழுந்து போக, இன்னொருவர் கையை ஆட்டி ஆட்டிக் கடிக்க விட்டால் குட்டிக்கு ஒன்றும் புரியாது. உங்கள் மகன்தான் அப்படி விளையாடுவான் என்று நினைக்கிறேன்.

கடிக்கக் கொடுக்க ரப்பர் பொம்மை, பெரிய கேரட், முடிச்சுப் போட்டு நனைத்து ஃப்ரீசரில் வைத்த தடித்த துண்டு எல்லாம் நல்லது. நூல் பிரிந்தால் துண்டை வாங்கிவிடுங்கள், விழுங்கினால் குடலில் சிக்கும். பழைய செருப்பையும் பழைய புடவையையும் கொடுக்காதீர்கள், புதியதுக்கும் பழையதுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். வெந்த கோழி எலும்பு பிளந்து தொண்டையில் குத்தும். வேளைக்குச் சோறு போடுங்கள். இந்த வயதில் நாளைக்கு மூன்று நான்கு வேளை வேண்டும், பசித்த குட்டியும் கடிக்கும்.

முதலில் கடி மெதுவாகும், பிறகுதான் எண்ணிக்கை குறையும். நாலு மாதம் நெருங்கும்போது பால்பல் விழ ஆரம்பித்து, ஈறு ஊறுவதால் மறுபடி கொஞ்சம் கூடும். தரையில் அரிசி மாதிரி பல் கிடந்தால் பதற வேண்டாம். ஆறேழு மாதத்தில் 42 பற்களும் வந்துவிடும்.

சாப்பாட்டுத் தட்டருகே போனால் உடம்பை விறைத்துக்கொண்டு முறைத்து உறுமுகிறதா, தொட்டால் ஓர் இடத்தில் மட்டும் சீறுகிறதா, அது வேறு விஷயம். வலியோ பயமோ இருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். குட்டிகளுக்கு மற்ற நோய்களுக்காகப் போடும் முதல் தடுப்பூசி (வெறிநோய் ஊசி அல்ல) இன்னும் போடவில்லையென்றால் இதெல்லாம் இல்லாவிட்டாலும் இந்த வாரமே போய்விடுங்கள். வழியில் தரையில் விடாமல் தூக்கியே கொண்டுபோங்கள். வெறிநோய் ஊசிக்கு எந்தத் தேதியில் வரவேண்டும் என்பதையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.