மகனிடம் சொல்லிக்கொண்டு போகச் சொல்லுங்கள்

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் நாயக். செகந்திராபாத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்து, இரண்டு வருஷம் குடும்பமாக இருந்தோம். போன வருஷம் அவருக்குக் காஷ்மீரில் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத ஃபீல்டு போஸ்டிங் வந்ததும், நானும் குழந்தைகளும் வேலூர் பக்கத்தில் மாமியார் வீட்டுக்கு வந்துவிட்டோம். மகனுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறான். மகளுக்கு ஒன்றரை.

மகன் முன்பெல்லாம் சமர்த்தாக இருப்பான். சில மாதமாகப் படுத்தி எடுக்கிறான். ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழுந்து என் முகத்தைத் தொட்டுப் பார்க்கிறான். என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறான். பாத்ரூம் போனால் கதவுக்கு வெளியே நின்று கத்துகிறான். மூன்று வயதிலேயே நின்றுபோன, படுக்கையை நனைக்கும் பழக்கம் திரும்ப வந்துவிட்டது. ஸ்கூல் வேன் வந்தால் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிறான். அப்பா போன் செய்தால் பேசாமல் ஓடுகிறான்.

ஆடி மாசம் லீவு முடிந்து அவர் கிளம்பும்போது, அழுது ஊரைக் கூட்டுவான் என்று, அவன் தூங்கும்போதே விடியற்காலையில் போய்விட்டார். கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார் என்று சமாளித்தோம். அன்றைக்கு ஒரு நாள்தான் கேட்டான், அப்புறம் கேட்கவே இல்லை. அதனால் அப்பா ஏக்கம் என்றும் சொல்ல முடியவில்லை. செல்போனில் கார்ட்டூன் பார்ப்பதாலா? அத்தை திருஷ்டி என்கிறார். கயிறு மந்திரித்துக் கட்டினோம். மாமாவும் மிலிட்டரிதான். “உன் புருஷனையும் இப்படித்தான் வளர்த்தேன், நாலு நாள் அழுதா சரியாப்போயிடும்” என்கிறார் அத்தை. நான் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, செல்லம் கொடுத்துப் போக வேண்டுமா?

— வாசகி, வேலூர் மாவட்டம்

பதில்:

கார்ட்டூனை விடுங்கள். திருஷ்டியையும் விடுங்கள். கண்டிப்பா, செல்லமா என்ற கேள்விக்கும் நான் வரப்போவதில்லை. கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் தாண்டிப் போயிருக்கிறீர்களே, அந்த விடியற்காலை, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அவன் தூங்கும்போதே போய்விட்டார். அவ்வளவு சாதாரணமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலையை உங்கள் மகன் பக்கத்திலிருந்து ஒரு தடவை பாருங்களேன். முந்தின ராத்திரி அப்பாவோடு படுத்தவன் காலையில் எழுகிறான். பக்கத்தில் பாய் காலியாக இருக்கிறது. மூலையில் இருந்த பை இல்லை, வாசலில் இருந்த ஷூ இல்லை. வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது, அவன் ஒருவனைத் தவிர. கேட்டால் கடைக்குப் போயிருக்கிறார் என்கிறீர்கள். மத்தியானம் ஆகிறது, சாயங்காலம் ஆகிறது, கடைக்குப் போனவர் வரவில்லை. மறுநாள் அவன் கேட்கவில்லை. நீங்கள் அதை மறந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டீர்கள். ஏம்மா, ஐந்து வயதுப் பையன் அப்பாவை ஒரே நாளில் மறப்பானா? இந்த வீட்டில் கேட்டால் நிஜத்தைச் சொல்ல மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரிந்துபோனது. அதனால்தான் கேட்பதை நிறுத்திவிட்டான்.

தூங்கினால் ஆள் காணாமல் போய்விடுவார்கள் என்றும் அன்றைக்கே கற்றுக்கொண்டான். எனவே ராத்திரியில் காவல் நிற்கிறான். இரண்டு மூன்று தடவை எழுந்து நீங்கள் இருக்கிறீர்களா என்று தொட்டுப் பார்ப்பதும், முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வதும், பாத்ரூம் கதவுக்கு வெளியே நின்று கத்துவதும் அதுதான். வேனில் ஏறிப் போய்த் திரும்பி வரும்போது நீங்கள் இருப்பீர்கள் என்பதற்கு அவனிடம் என்ன உத்தரவாதம் இருக்கிறது? நீங்கள் சொன்ன வார்த்தையா? அதைத்தான் ஆடி மாசமே செல்லாக்காசாக்கிவிட்டீர்களே.

உங்கள் கணவரையும் விடப்போவதில்லை. இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். ராணுவத்தில் வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவு. அதில் ஒரு நாள் எடுக்க வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, லீவு சர்ட்டிஃபிகேட்டைக் கையில் வைத்துக்கொண்டுதானே யூனிட்டை விட்டு வெளியே வருகிறார்? திரும்பிப் போனதும் முதல் வேலை வந்துவிட்டேன் என்று ரிப்போர்ட் செய்வதுதானே? சொல்லாமல் கிளம்பினால் அங்கே அது குற்றம், தண்டனை உண்டு. சுபேதாருக்கும் கம்பெனி கமாண்டருக்கும் கொடுக்கிற அந்த மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாமா? பிள்ளை அழுவான் என்று பயந்துதான் அவர் அப்படிப் போயிருக்கிறார். எல்லையில் நிற்கிறவருக்கு, ஐந்து வயதுப் பையனின் அழுகைக்கு எதிரே கால் மணி நேரம் நிற்கத் தைரியம் வரவில்லை. கேட்கக் கடுமையாக இருக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த மாதிரிக் கடிதம் எனக்குப் புதிதில்லை. உங்கள் ஜில்லாவிலிருந்தே நிறைய வருகிறது. கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே பேர் வந்துவிட்டது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் கல்லைப் பார்த்திருப்பீர்கள்: 1914-19 மகாயுத்தத்துக்கு இந்த ஊரிலிருந்து போனவர்கள் 277 பேர், உயிரைக் கொடுத்தவர்கள் 14 பேர். நூறு வருஷத்துக்கு மேலாக ஆண்களைப் பட்டாளத்துக்கு அனுப்பிப் பழகிய ஊர் உங்களுடையது. அனுப்பிவிட்டுப் பின்னால் இருந்த பெண்கள் பட்ட பாடு எந்தக் கல்லிலும் இல்லை. உங்கள் அத்தையும் அந்த வரிசையில் வந்தவர். ‘56 ஏ.பி.ஓ.’ என்று ராணுவத் தபால் விலாசம் எழுதிய இன்லேண்டு லெட்டரைப் போட்டுவிட்டு, பதிலுக்கு நாள் கணக்கில் காத்திருந்து, தனியாகப் பிள்ளை வளர்த்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் “நாலு நாள் அழுதா சரியாப்போயிடும்” என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாலு நாளில் அழுகைதான் நின்றிருக்கும். அடுத்த தடவை கணவர் பேசும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப மாமா லீவு முடிஞ்சு எப்படிக் கிளம்பினார், ஞாபகம் இருக்கா?” அவர் என்ன சொல்கிறார் என்று குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவருக்கு ஞாபகம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, இனி செய்ய வேண்டியது.

இன்றைக்கே மகனை உட்கார வைத்து உண்மையைச் சொல்லுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். “அப்பா கடைக்குப் போகலைடா. வேலைக்குத் திரும்பிப் போயிட்டார். காஷ்மீர்ல இருக்கார். நீ அழுவேன்னு பயந்து உன்கிட்ட சொல்லாம விட்டுட்டோம். அது தப்பு. இனிமே யார் எங்க போனாலும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான் போவோம்.” இவ்வளவு போதும். அவன் அழலாம், உங்களை அடிக்கலாம், ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போகலாம். எது செய்தாலும் செய்யட்டும். அப்புறம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுங்கள். பாத்ரூம் போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள், அவன் பார்க்கும்படி திரும்பி வாருங்கள். கொஞ்ச நாளைக்கு இது உங்களுக்கு உயிர் போகிற வேலையாகத்தான் இருக்கும்.

அதே வார்த்தையை அவன் அப்பாவும் சொல்ல வேண்டும். போனை அவன் காதில் வைத்து “அப்பாகிட்ட பேசு, பேசு” என்று திணிக்காதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிடுங்கள். உன்னிடம் சொல்லாமல் வந்தது என் தப்பு என்று அவர் பாட்டுக்குச் சொல்லட்டும். அவன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொள்வான். அப்பன் மகனிடம் மன்னிப்புக் கேட்பதா என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். தப்பு செய்த பெரியவர் ஒப்புக்கொள்வதைப் பார்க்காத பிள்ளைக்கு, நாளைக்குத் தன் தப்பை ஒப்புக்கொள்ளவும் தெரியாது.

தினமும் எட்டு மணிக்கு அப்பா பேசுவார் என்று மட்டும் சொல்லி வைக்காதீர்கள். ஃபீல்டில் சிக்னல் இருக்காது, டியூட்டி மாறும், திடீரென்று நாள் கணக்கில் போன் வராது. பேச முடிகிற அன்றைக்குப் பேசுவார் என்பதுதான் நிஜம். சிக்னல் கிடைக்கும்போது அவர் இரண்டு நிமிஷம் குரல் பதிவாக ஏதாவது பேசி அனுப்பட்டும். அன்றைக்குச் சாப்பிட்ட ரொட்டி, பெய்த பனி, முகாமுக்கு வரும் நாய், எதுவாக இருந்தாலும் சரி. எந்த இடம், எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் வேண்டாம் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. லீவு விஷயமும் அப்படியே. மார்ச், ஏப்ரல் என்று தேதி சொல்லி ஆசை காட்டாதீர்கள். கடைசி நேரத்தில் லீவு ரத்தாவது உங்களுக்குத் தெரியாததா? அவர் ரயில் ஏறிவிட்டேன் என்று சொன்ன பிறகு பிள்ளைக்குச் சொன்னால் போதும். ஜம்முவிலிருந்து காட்பாடி வந்துசேர இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும், அந்தக் காத்திருப்பு அவனுக்குப் போதுமானது. சேட்டை செய்தால் “அப்பா வரட்டும், சொல்றேன்” என்று மிரட்டுகிற வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

படுக்கை நனைந்தால் திட்டாதீர்கள், அத்தையையும் திட்ட விடாதீர்கள், தங்கச்சி எதிரில் கேலி செய்யாதீர்கள். நின்றுபோன பழக்கம் திரும்ப வருவதற்கு மனசு மட்டும் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மூத்திரப் பையில் தொற்று இருக்கலாம், சர்க்கரையாகவும் இருக்கலாம். மிலிட்டரி ஆஸ்பத்திரியில் காட்ட டிபெண்டன்ட் கார்டு இருக்கிறது, சும்மா பெட்டியில் கிடக்கிறது. அது தூரம் என்றால் பக்கத்தில் குழந்தைகள் டாக்டரிடம் காட்டி ஒரு யூரின் டெஸ்ட் எடுங்கள். தூக்கமும் ஸ்கூலும் இரண்டு மாசத்தில் தேறவில்லை என்றால், சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் இருக்கிறது, குழந்தைகளுக்கென்றே அங்கே தனிப் பிரிவும் உண்டு. அங்கே போனால் பைத்தியம் என்று பேசுவார்கள் என்று யோசித்து உட்கார்ந்துவிடாதீர்கள். யு.கே.ஜி. மிஸ்ஸிடமும் அப்பா ஃபீல்டில் இருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

அவர் லீவில் வரும்போது மகள் அவரைப் பார்த்து அலறுவாள். அது சகஜம். அவள் வயதுக்கு அவர் அந்நிய ஆள். “அப்பாதான்டி, போ” என்று தூக்கி அவர் மடியில் போடாதீர்கள். அவர் தரையில் உட்கார்ந்து அவர் வேலையைப் பார்க்கட்டும், அவளே வருவாள். கல்யாணம், காதுகுத்து, நிலத் தகராறு, பேங்க் என்று மொத்த லீவையும் ஊரார் பிடுங்கிக்கொள்ள விடாதீர்கள். தினமும் கொஞ்ச நேரமாவது மகனுக்கென்று இருக்க வேண்டும்.

கிளம்புகிற நாள் பற்றி இப்போதே இரண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு நாள் முன்னாலேயே பையனுக்குச் சொல்லிவிட வேண்டும். பையை அவன் எதிரிலேயே கட்ட வேண்டும். அவன் கையால் ஏதாவது ஒன்றை, ஒரு படமோ உடைந்த பொம்மைக் காரோ, உள்ளே வைக்கட்டும். விடியற்காலை மூன்று மணி வண்டியானாலும் அவனை எழுப்புங்கள். முடிந்தால் காட்பாடி ஸ்டேஷனுக்கே கூட்டிப் போங்கள். போயிட்டு வரேன் என்று அப்பா வாயால் சொல்லி, அவன் கேட்க வேண்டும். அழுவான், பிளாட்பாரத்தில் புரண்டு அழுவான். நீங்களும் அழுவீர்கள், அவருக்கும் கண் கலங்கும். அழட்டும் அம்மா. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

கடைசியாக ஒன்று. இந்த ஃபீல்டு முடிந்து அவருக்குக் குடும்பத்தோடு இருக்க முடிகிற பீஸ் போஸ்டிங் வரும். அப்போது பையன் படிப்பு கெடும், அத்தை தனியாக இருப்பார் என்று காரணம் சொல்லி ஊரிலேயே தங்கிவிடாதீர்கள். குவார்ட்டர்ஸுக்கு உடனே பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். மாற்றலாகிப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காகத்தான் ஊருக்கு ஊர் கேந்திரிய வித்யாலயா இருக்கிறது, படிப்பு ஒன்றும் கெட்டுவிடாது. அத்தைக்கும் சம்மதம் என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.