மோட்டாரை போனிலிருந்து போடலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமத்தில் அம்மா தனியாக இருக்கிறார். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். வாசல் விளக்கையும், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் 1 ஹெச்பி மோட்டாரையும் இங்கிருந்தே போட்டு அணைக்க, 16 ஆம்பியர் வைஃபை ஸ்மார்ட் சுவிட்ச் இரண்டு வாங்கலாமா?

பதில்: விளக்குக்கு வாங்குங்கள். மோட்டாருக்கு அதை நேரடியாக மாட்டாதீர்கள்.

1 ஹெச்பி என்பது 746 வாட். ஓடும்போது ஏழெட்டு ஆம்பியருக்குள்தான் இழுக்கும் என்பதால், 16 தாராளம் என்று தோன்றும். ஆனால் மோட்டார் கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அட்டையில் போட்டிருக்கும் 16 ஆம்பியர் பெரும்பாலும் ஹீட்டர் மாதிரியான சாதனங்களுக்கான கணக்கு. உள்ளே கரண்டைச் சேர்த்துத் துண்டிக்கும் சின்ன ரிலே சூட்டில் ஒட்டிக்கொண்டால், போனில் ஆஃப் என்று காட்டும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நடுவில் ஒரு கான்டாக்டர், அதாவது மோட்டாரின் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே, வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால், நம் விவசாயிகள் போர்செட்டுக்குப் போடும் சிம் வைத்த மொபைல் ஸ்டார்ட்டரே வாங்கலாம். வயலுக்கு விற்பவை அதிகமும் த்ரீ ஃபேஸ். நீங்கள் சிங்கிள் ஃபேஸ் என்று கேட்டு வாங்க வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் தானே நிற்கும் டிரை ரன் வசதி அவசியம். தொட்டி நிரம்பியது உங்களுக்குத் தெரியாது, ஆகவே தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சும் போடுங்கள்.

சரி, விளக்குக்கு வருவோம். வாங்கும் முன்பே சுவிட்ச் பெட்டியைத் திறந்து, கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் அதற்குள் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் பெரும்பாலும் இருக்காது. பல மாடல்கள் அது இல்லாமல் வேலை செய்யாது. கரண்ட் போய் வந்தால் ஆஃப் நிலையிலேயே இருக்கும்படி அமைத்துவிடுங்கள்.

சுவரில் இருக்கும் சுவிட்சைக் கையால் தட்டினாலும் விளக்கு எரிய வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கரண்டும் செல்போன் டவரும் நாள்கணக்கில் இல்லை. இன்வெர்ட்டர் இருந்தாலும், நெட் இல்லாத நேரத்தில் அம்மா இருட்டில் உட்காரக் கூடாது.

எலக்ட்ரீஷியன் வரும்போதெல்லாம் மெயினை அணைக்கச் சொல்லுங்கள். போனில் ஆஃப் செய்திருந்தால் போதாது. அவர் ஒயரில் கை வைத்திருக்கும்போது நீங்கள் அங்கிருந்து ஆன் செய்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அப்புறம், பில்லை அம்மா பெயரில் போட்டு வாங்குங்கள். பொருள் பழுதானால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால், கடை எந்த ஊரில் இருந்தாலும் அம்மா திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் போதும்.