நுகர்வோர் கேள்வி-பதில்: வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் செலவு

இந்த முறை சேலத்திலிருந்து வந்த நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான்கிலும் இருப்பது ஒரே கவலைதான். முதல் கேள்விக்கு அதிக இடம் தருகிறேன். அந்த நிலையில் தவிப்பவர்கள் மிகுதி.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்துவிட்டன. ஆஸ்பத்திரிச் செலவை மெடிக்கல் இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது. இப்போது வீட்டில் வைத்துப் பார்க்கிறோம். இரவும் பகலும் உடனிருக்கும் பெண்மணிக்கு மாதம் 26,000 ரூபாய், முன்பணம் 30,000 ரூபாய் என்று ஏஜென்சி கேட்கிறது. இதை இன்சூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டால், பாலிசியில் இடமில்லை என்கிறார்கள். ஐந்து லட்சம் ரூபாய் பாலிசியில் இன்னும் மூன்று லட்சம் மீதியிருக்கிறதே! அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் 14,000 ரூபாய் வருகிறது. அவர் பெயரில் ஆறு லட்சம் டெபாசிட் இருக்கிறது. என்ன செய்வது? (வாசகி, அம்மாபேட்டை)

பதில்: சொல்வதற்கு வருத்தமாக இருக்கிறது, அம்மா. கம்பெனி சொன்னது சரிதான். மெடிக்கல் பாலிசிகளில் வரும் விலக்குகளுக்கு இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமே ஒரே மாதிரியான வாசகங்களை வகுத்திருக்கிறது. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, நடக்கத் துணை நிற்பது போன்ற அன்றாட உதவிக்கு ஆகும் செலவு கிடையாது என்பது அவற்றில் ஒன்று. உதவி செய்பவர் படித்த நர்ஸாக இருந்தாலும், அக்கம்பக்கத்து அம்மாவாக இருந்தாலும் இதே விதிதான். மீதி மூன்று லட்சம் அடுத்த முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் உதவும். வீட்டுக் கட்டிலுக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராது. தனியே நீண்டகாலப் பராமரிப்புக்கு என்று வாங்கி வைக்கும் பாலிசி நம் ஊரில் பழக்கத்திலேயே இல்லை.

ஆனால் ஒன்றை நாளைக்கே செய்யுங்கள். பெரும்பாலான பாலிசிகளில், டிஸ்சார்ஜ் ஆன பிறகு 60 அல்லது 90 நாட்கள் வரை ஆகும் மருந்து, பரிசோதனைச் செலவுகளுக்கு இடம் உண்டு. டாக்டர் சீட்டில் எழுதியிருந்தால் பிசியோதெரபியையும் பல கம்பெனிகள் ஏற்கின்றன. டிஸ்சார்ஜ் ஆன நிம்மதியில் இதைக் கேட்காமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ. பாலிசிப் புத்தகத்தில் நாட்கணக்கைப் பாருங்கள். பில்களைத் தேதி வாரியாக அடுக்கி அனுப்புங்கள்.

அரசு தருவதையும் விடாதீர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி தணிக்கும் பராமரிப்பு, சர்க்கரை மற்றும் ரத்த அழுத்த மாத்திரைகள் தருவது அதன் வேலை. காசு இல்லை. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். பக்கவாதத்தால் வந்த ஊனமும் ஊனம்தான்.

இனி கணக்கு. ஆள் சம்பளம் 26,000 ரூபாய். அவருடைய சாப்பாடு உண்டு. ஒரு நாளைக்கு நான்கு டயபர் என்றால் மாதம் நூற்றிருபது. தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில், காற்று மெத்தை இவற்றின் வாடகை வேறு. எல்லாம் சேர்ந்து மாதம் 38,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓய்வூதியம் போக 24,000 ரூபாய் துண்டு விழும். ஆறு லட்சத்தை 24,000-ஆல் வகுத்தால் 25 மாதம். வட்டியைச் சேர்த்தாலும் இரண்டரை வருடத்தைத் தாண்டாது. இந்த ஒரு எண்ணை ஒரு தாளில் எழுதி, கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் உட்காரவைத்துக் காட்டுங்கள். இருபத்தாறாவது மாதம் யார் எவ்வளவு தருவது என்ற பேச்சை இன்று பேசுவது எளிது. கையில் காசு தீர்ந்த அன்று பேசினால் அண்ணன் தங்கை உறவே முறிந்துவிடும்.

ஏஜென்சி விஷயத்தில் என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். என் மாமியார் பதினான்கு மாதம் படுத்திருந்தார். நான் முதலில் அணுகிய ஏஜென்சி 15,000 ரூபாய் முன்பணத்தை ரொக்கமாக வாங்கிக்கொண்டது, ரசீது தரவில்லை. பதினொன்றாம் நாள் வந்திருந்த பெண் ஊருக்குப் போனார். மாற்று ஆள் வரவே இல்லை. கொடுத்த பணத்துக்கு என்னிடம் எந்த அத்தாட்சியும் இல்லை. அந்த வாரம் நான் அழுதது பணத்துக்காக மட்டும் இல்லை.

ஆகவே முன்பணத்தை ஏஜென்சியின் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள், ரசீது வாங்குங்கள். ஆள் நின்றுவிட்டால் எத்தனை நாளில் மாற்று ஆள் வரும், வராத நாட்களுக்கு எவ்வளவு கழிக்கப்படும், முன்பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். வருபவரின் ஆதார் நகல், போலீஸ் சரிபார்ப்பு, மூக்குக் குழாயும் யூரின் பையும் கையாளப் பயிற்சி உண்டா என்பதையும் கேளுங்கள். எழுதித் தர மறுக்கும் ஏஜென்சியிடம் அம்மாவை ஒப்படைக்காதீர்கள்.

பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. இருபத்து நான்கு மணி நேர ஆள் என்றால் இருபத்து நான்கு மணி நேரமும் விழித்திருப்பவர் என்று பொருள் இல்லை. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்தால்தான் படுக்கைப் புண் வராது. அதைச் செய்பவருக்குப் பகலில் நிம்மதியாகத் தூங்க நேரமும், கதவு சாத்திக்கொள்ள ஓர் இடமும் வேண்டும். எங்கள் வீட்டில் இரண்டாவதாக வந்த பெண்மணி, கட்டில் காலில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் நூல் கட்டித் தொங்கவிட்டிருந்தார். ‘2.10, இடப்பக்கம். 4.15, வலப்பக்கம். பையில் 300 மில்லி. கஞ்சி அரை டம்ளர்.’ டாக்டர் வந்தால் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார். நீங்களும் ஒன்று கட்டுங்கள்.

ஏஜென்சி ஏமாற்றினால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். என்னைப்போல் ரசீது இல்லாமல் நிற்காதீர்கள்.

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வு பெற்றவர்கள், எனக்கு 71 வயது, அவளுக்கு 67. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஏற்காட்டில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் பத்து லட்சம் ரூபாய் டெபாசிட் கட்டிச் சேரலாம் என்று நினைக்கிறோம். காற்று நன்றாக இருக்கிறது, உணவும் தருகிறார்கள். சேரலாமா? (வாசகர், சூரமங்கலம்)

பதில்: ஏற்காட்டின் காற்றைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் நீங்கள் வாங்கப்போவது அடுத்த இருபது வருடத்துக்கான பராமரிப்பு. அதைக் கண்ணில் வைத்துப் பாருங்கள்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: ‘எங்களில் ஒருவர் படுக்கையில் விழுந்துவிட்டால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா?’ தானாக எழுந்து நடமாடும்வரைதான் இடம் என்று வைத்திருக்கும் இல்லங்கள் உண்டு. அப்படியானால் மிகவும் தேவைப்படும் நேரத்தில் நீங்கள் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். வாயால் சொல்லும் பதிலை ஏற்காதீர்கள், ஒப்பந்தத்தில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது ஆஸ்பத்திரி. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுக்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு ஆம்புலன்ஸ் எங்கிருந்து வரும், இல்லத்திலேயே வண்டி இருக்கிறதா, டிரைவர் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெங்கல் புயல் மழையில் அந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து தடைபட்டது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாட்களில் மாற்றுப் பாதையான குப்பனூர் வழியாக இறக்குவார்களா? ஆக்சிஜன் கையிருப்பு உண்டா? இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்லும் நிர்வாகம் இதைப் பற்றி முன்பே யோசித்திருக்கிறது என்று பொருள்.

வாசகி ஒருவருக்காக நானே மலையில் ஓர் இல்லத்தைப் பார்த்து வந்தேன். முன்வாசலில் காப்பிச் செடி, பின்னால் சில்வர் ஓக் மரங்கள், ஜன்னல் வழியே பனி. அறை அழகுதான். குளியலறை வாசலில் முக்கால் அடி உயரத்துக்கு ஒரு படி இருந்தது, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை. அழைப்பு மணி கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கட்டிலில் படுத்துப் பார்த்தேன், கை எட்டவில்லை. நீங்களும் படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். குளிர் நிறைந்த டிசம்பரில் ஒரு மாதம் வாடகைக்குத் தங்கிவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். மூட்டுவலியும் மூச்சிரைப்பும் உள்ளவர்களுக்கு மலைக்குளிர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

டெபாசிட் பற்றி: எவ்வளவு திரும்பும், எத்தனை நாளில், ஒருவர் காலமானால் மற்றவருக்கு இடம் தொடருமா, மாதக் கட்டணம் வருடத்துக்கு எவ்வளவு ஏறலாம், இருவருமே இல்லாதபோது பணம் யாருக்கு? இல்லம் முறையாகப் பதிவானதா என்று மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள். பத்து லட்சத்தை ஒரே தவணையில் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால் திரும்பி வந்துவிடுங்கள். அதே தொகையை அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் கைக்கு வரும். டெபாசிட் கட்டுவதால் நீங்கள் மாதாமாதம் இழப்பது ஏறக்குறைய 6,800 ரூபாய். அதையும் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: வீட்டை இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தால் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் சொல்கிறான். எழுதிவிடலாமா? (வாசகர், கன்னங்குறிச்சி)

பதில்: உங்கள் மகன் நல்லவராகவே இருக்கட்டும். இருந்தாலும் உயில் எழுதுங்கள் என்பதே என் பதில். உயிலை நினைத்தபோது மாற்றலாம். பதிவு செய்த செட்டில்மெண்டை நீங்களாக ரத்து செய்வது எளிதல்ல.

எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், ‘என்னையும் என் மனைவியையும் ஆயுள் முழுவதும் உணவு, இருப்பிடம், மருத்துவம் கொடுத்துப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையும், வீட்டில் உங்கள் இருவருக்கும் ஆயுள்கால அனுபவ உரிமையும் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் 23-வது பிரிவு, அப்படிப் பராமரிக்கத் தவறினால் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில், முதியோருக்குச் சாதகமாக இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. நீதிமன்றத்தின் தாராளத்தை நம்பி இருக்க வேண்டாம், அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள். பத்திர எழுத்தர் ‘இதெல்லாம் எதற்கு ஐயா’ என்பார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

மனுக் கொடுக்க வேண்டி வந்தால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை. எங்கே போவது என்று தெரியாமல் தவிப்பவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோயின் ஆரம்பம் என்று டாக்டர் சொல்கிறார். காலையில் தெளிவாக இருக்கிறார், மாலையில் குழம்புகிறார். அவர் சார்பில் நான் கையெழுத்துப் போடுவதற்குப் பவர் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டால் போதுமா? (வாசகி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: போதாது. எழுதிக் கொடுத்தவர் மனத்தெளிவை இழந்துவிட்டால் அந்தப் பவர் சட்டப்படி செல்லாததாகிவிடும். அதற்குப் பிறகு அவருடைய டெபாசிட்டை உடைத்து அவருக்கே மருந்து வாங்க நீங்கள் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும்.

அம்மாவுக்குச் சம்மதம் என்றால், சேமிப்புக் கணக்கையும் டெபாசிட்டுகளையும் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். எல்லாவற்றிலும் நாமினி இருக்கிறதா என்று பாருங்கள். உயில் எழுத அவருக்கு விருப்பம் இருந்தால், அன்றைய தேதியில் தெளிவாக இருக்கிறார் என்ற டாக்டர் சான்றிதழோடு எழுதிப் பதிவு செய்யுங்கள். உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கு ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்தால் நாளை நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சந்தேகம் வரும்.

காலையில் தெளிவாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வாரமே ஒரு நாள், வங்கி திறந்ததும் முதல் ஆளாக அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். மேலாளருக்கு முந்தின நாளே விவரம் சொல்லி வையுங்கள். வரிசையில் நிற்கவைத்து அவரைக் களைப்பாக்க வேண்டாம்.