தொர்பிஞ்ஞாத்தாராவின் பேச்சு – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃபைம் புய்யான் இயக்கி நடித்த ‘பங்க்ளா’ (2019) என்ற இத்தாலிய நகைச்சுவைப் படத்தை அண்மையில் பார்த்தேன். ரோமில் பிறந்த வங்கதேசத்து முஸ்லிம் இளைஞன், ஆசியா என்ற இத்தாலியப் பெண்ணைக் காதலிக்கிறான். திருமணத்துக்கு முன் உறவு கூடாது என்ற நெறிக்கும் காதலுக்கும் இடையே தவிக்கிறான். சிரித்தேன். ஆனால் வறுமையும் இனவெறியின் கொடுமையும் அழுத்தமாக இல்லை. தாயும் சகோதரியும் ஓரத்தில் நிற்கிறார்கள். இது சரியான பிரதிநிதித்துவமா? இதைப் போன்ற வேறு இத்தாலியப் படங்கள் உண்டா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் பிறந்து வளர்ந்த என் அக்கா மகளைப் பற்றிச் சில நாட்களாக நினைத்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

பெண்கள் ஓரத்தில் நிற்பது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். வறுமை இல்லை என்பதை நான் குறையாகவே எண்ணவில்லை. ஆனால் நீங்கள் கையில் ஒரு பட்டியலுடன் படம் பார்த்திருக்கிறீர்கள் என்பது வருத்தமளிக்கிறது. குடியேறியவரின் பிள்ளை திரையில் வந்தால் அவன் அடிபட்டு, அழுது, நம்முடைய இரக்கத்தைப் பெற்றுக்கொண்டு போக வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவனுக்குச் செய்யும் அநீதி. காதலில் தடுமாறி அசடு வழியும் உரிமை ரோமின் மற்ற பையன்களுக்கு இருக்கும்போது அவனுக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

இந்தப் படத்தின் உயிர் என்று நான் கருதுவதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை. அது அவனுடைய பேச்சு. ஃபைம் செய்தி வாசிப்பவரின் இத்தாலிய மொழியைப் பேசுவதில்லை. கிழக்கு ரோமின் தொர்பிஞ்ஞாத்தாராத் தெருக்களில் புழங்கும் ரோமானிய வழக்கைப் பேசுகிறான். ‘பங்க்ளா’ என்பது ரோம்காரர்கள் வங்கதேசத்தவரையும் அவர்கள் நடத்தும் சிறு கடைகளையும் அலட்சியமாகக் குறிக்கும் சொல். அந்தச் சொல்லையே எடுத்துத் தன் படத்துக்குத் தலைப்பாக வைத்தவன், அதே ஊரின் வழக்கில் தன்னைப் பற்றித் தானே சிரிப்பு மூட்டுகிறான். இத்தாலிய நகைச்சுவையின் வேர் வட்டார வழக்கில்தான் இருக்கிறது. 1981இல் வந்த நடிகரும் இயக்குநருமான மாஸ்ஸிமோ ட்ரோய்சியின் முதல் படத்தில், தெற்கு இத்தாலியின் நேப்பிள்ஸிலிருந்து ஃபிளாரன்ஸ் போகும் இளைஞனைப் பார்த்து எல்லோரும் பிழைக்க வந்தவனா என்றே கேட்கிறார்கள். தென்பகுதிக்காரன் ஊர் பார்க்கக் கிளம்புவான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவன் தன் நேப்பிள்ஸ் பேச்சை விடாமலே அந்தக் கேள்வியை எதிர்கொண்டான். நாடே அவனோடு சேர்ந்து சிரித்தது. ஃபைம் வந்து சேர்வது அந்த வரிசையில்தான். 2020இல் அவருக்குச் சிறந்த அறிமுக இயக்குநருக்கான தாவித் தி தொனத்தெல்லோ என்ற இத்தாலியத் திரைப்பட விருது கிடைத்தது என்பதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், பலெர்மோவின் பல்லரோ சந்தைக்கு அக்கா மகள் என்னை அழைத்துப் போனாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. வாள்மீன் விற்ற முதியவர் அவளைச் சிசிலிய வழக்கில் ‘பிச்சிரித்தா’, அதாவது சிறுமியே, என்று அழைத்தார். அவளும் அதே வழக்கில், அவரைவிட உரத்த குரலில், விலையைக் குறைக்கச் சொல்லிச் சண்டை பிடித்தாள். நடுவில் என் பக்கம் திரும்பி, “மாமா, இவர் கூடச் சொல்லுறார், நீங்கள் பேசாமல் நில்லுங்கோ” என்று சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில் சொன்னாள். அன்றிரவு வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. “எங்களைப் போல ஆக்கள் இதில வந்தால், ஒன்றில் ரோசாப்பூ விற்பினம், இல்லாட்டி கிழவரைப் பராமரிப்பினம். வாயைத் திறந்தால் பிழையான இத்தாலியன்தான்” என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. உணவு பரிமாறிக்கொண்டே சொன்னாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

‘பங்க்ளா’ வந்தபோது அவள் முப்பதை நெருங்கியிருந்தாள். தொலைபேசியில் அழைத்து, “மாமா, பெடியன் பிழையில்லாமல் கதைக்கிறான்” என்றாள். கதையைப் பற்றி அவள் வேறொன்றும் சொல்லவில்லை.

வேறு படங்களைக் கேட்டிருந்தீர்கள். இன்னொரு நாள் எழுதுகிறேன். நீங்கள் துணைவசனத்தைப் படித்துத்தான் பார்த்திருப்பீர்கள், அதில் ரோமானிய வழக்கும் ஏட்டு இத்தாலியனும் ஒரே மொழியாகிவிடும். இத்தாலியன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தொடக்கத்தில் அவன் தன் பகுதியை நமக்குச் சுற்றிக் காட்டும் இடத்தை எழுத்துகளை நிறுத்திவிட்டு ஒருமுறை கேளுங்கள். கேட்டுவிட்டு மறுபடியும் எழுதுங்கள்.