பழைய பெட்ரோல் ஜீப் ஏற்றத்தில் இழுக்காமல் திணறினால் பியூயல் பம்ப்பை மாற்ற வேண்டுமா?

உடனே மாற்ற வேண்டாம். வில்லிஸ், பழைய மகிந்திரா சிஜே-3பி போன்ற வண்டிகளில் இருப்பது, இன்ஜினுக்குள் சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு இயக்கும் டயாஃப்ரம் பம்ப். உள்ளே ஒரு சவ்வு (டயாஃப்ரம்) அசைந்து டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்து கார்புரேட்டருக்குத் தள்ளும். அது உறிஞ்சும் பக்கத்தில்தான் பெரும்பாலும் கோளாறு. டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவே ரப்பர் ஹோஸில் விரிசல் இருந்தால் பெட்ரோல் சொட்டாமலேயே காற்றை இழுக்கும். அதனால் கண்ணில் படாது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் இதே திணறல்தான்.

சோதிப்பது எளிது. இன்ஜின் ஆறிய பிறகு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விடுங்கள். இன்ஜின் ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பலமாகப் பீய்ச்ச வேண்டும். பலமில்லையா? பம்ப்பின் உறிஞ்சும் ஹோஸை நேராக ஒரு பெட்ரோல் கேனில் போட்டு மறுபடி பாருங்கள். இப்போது நன்றாக வந்தால் பம்ப்பின்மேல் பழி இல்லை. டேங்க், லைன், ஃபில்டரைப் பாருங்கள்.

அப்புறம், இன்ஜின் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி பெட்ரோல் வாடை அடித்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அப்படியானால் வண்டியை ஓட்டவே கூடாது, பெட்ரோல் கலந்து ஆயில் நீர்த்து இன்ஜின் பேரிங் போய்விடும். ரிப்பேர் கிட் வாங்கும்போது எத்தனால் தாங்கும் டயாஃப்ரமா என்று கேட்டு வாங்குங்கள். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலில் பழைய ரப்பர் சீக்கிரம் கெட்டுவிடுகிறது.