தேளுக்கு மூன்று பெயர்: ஒரு மருத்துவ நூலகரிடம் வேலூர்க்காரர்கள் கேட்டவை

முப்பத்தோரு வருடம் வேலூரிலும் ராணிப்பேட்டைப் பக்கமும் மருத்துவ நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "அந்த வேலையில் அப்படி என்னதான் இருக்கிறது?" என்று நம் குழுவில் ஆளாளுக்குக் கேட்டதால், கேள்விகளை அனுப்பச் சொன்னேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ஒருவர் என் பென்ஷன் எவ்வளவு என்று கேட்டிருந்தார். அதை மட்டும் விட்டுவிட்டேன்.

வங்கி ஊழியர், காட்பாடி: மேடம், மருத்துவ நூலகர் என்றால் புத்தகம் எடுத்துக் கொடுத்து சீல் குத்துபவர்தானே? எல்லாமே போனில் கிடைக்கும்போது அந்த வேலை எதற்கு?

சீல் குத்தியதும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் வேலை என்னவென்று எனக்கே புரிந்தது ஒரு மே மாத மத்தியானத்தில்.

குழந்தைகள் பிரிவில் இருந்து ஓர் இளம் டாக்டர் வேர்க்க விறுவிறுக்க வந்தார். தேள் கொட்டிய குழந்தை ஒன்று வார்டில் இருக்கிறது. பிரசோசின் மாத்திரையோடு தேள் விஷமுறிவு மருந்தும் சேர்த்துக் கொடுப்பதால் பலன் உண்டா என்று பெரிய டாக்டர் கேட்டிருக்கிறார். "தேடிப் பார்த்துவிட்டேன் அக்கா, உருப்படியாக ஒன்றும் வரவில்லை" என்றார். என்ன போட்டுத் தேடினீர்கள் என்று கேட்டேன். 'ஹாட்டன்டோட்டா டாமுலஸ்' என்று நம் சிவப்புத் தேளின் அறிவியல் பெயரைப் போட்டிருந்தார்.

பெயர் சரிதான். ஆனால் புதுப் பெயர். அதே தேளுக்கு முன்பு 'மீசோபூத்தஸ் டாமுலஸ்' என்று பெயர். அதற்கும் முன்பு 'பூத்தஸ் டாமுலஸ்'. தேள் பெயரை மாற்றிக்கொண்டாலும் பழைய கட்டுரைகள் பழைய பெயரிலேயேதான் கிடக்கும். மூன்று பெயரையும் 'அல்லது' போட்டுக் கோத்து, கூடவே 'தேள் கொட்டு' என்ற பொதுத் தலைப்பையும் சேர்த்தோம். மகாராஷ்டிராவில் மகாட் என்ற சின்ன ஊரில் இருந்து 2011-இல் பி.எம்.ஜே. இதழில் வந்த ஆய்வு மேலே வந்து நின்றது. 70 பேரை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்டிருந்தார்கள். பிரசோசின் மட்டும் கொடுக்கப்பட்டவர்களைவிட, இரண்டும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்கள் சீக்கிரம் தேறியிருந்தார்கள். அதன் தலைப்பில் இருந்தது நடுப்பெயர், மீசோபூத்தஸ். அவர் அதைப் போடாததால்தான் கிடைக்கவில்லை.

மொத்தம் பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். என்ன மருந்து கொடுப்பது என்பதை டாக்டர்கள் முடிவு செய்தார்கள், அது அவர்கள் வேலை. கேள்வியைத் திருத்திக் கொடுத்தது என் வேலை. மருத்துவக் கட்டுரைகளை இணையத்தில் தேடித் தரும் பப்மெட்டில் இன்று 3.7 கோடிக்கு மேல் பதிவுகள் இருக்கின்றன. போனில் கிடைக்கிறது என்பது உண்மை. பாலாற்று மணலில் மோதிரம் கிடைக்கும் என்பதும் உண்மைதான்.

எம்.டி. மாணவர், வேலூர்: மேடம், தீசிஸுக்கு ஏ.ஐ.யிடம் ரெஃபரன்ஸ் கேட்டேன். அழகாகக் கொடுத்தது. கைடு பார்த்துவிட்டு "இதில் பாதி இல்லாத கட்டுரை" என்று திருப்பிவிட்டார். எப்படி இப்படி நடக்கிறது?

தம்பி, உங்கள் கைடுக்கு ஒரு கும்பிடு. பாதிப் பேர் பார்க்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு இதே மாதிரி ஒரு பட்டியலோடு ஒரு பெண் வந்தாள். பன்னிரண்டு ரெஃபரன்ஸ். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தோம். ஆசிரியர் பெயர் நிஜம், அந்தத் துறையில் எழுதுபவர்தான். இதழும் நிஜம், தொகுதி எண் கூடப் பொருந்துகிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் முழங்கால் மூட்டைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள்! அவளுடைய தலைப்போ தைராய்டு. பன்னிரண்டில் ஐந்துதான் தேறியது.

அது பொய் சொல்ல நினைத்துச் சொல்வதில்லை. ஒரு ரெஃபரன்ஸ் பார்க்க எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும், அந்த அச்சில் வார்த்து ஊற்றுகிறது. அதனால் ஏ.ஐ.யைத் தொடாதே என்று சொல்லமாட்டேன். வேறு என்னென்ன சொற்களில் தேடலாம் என்று கேளுங்கள், அதில் கெட்டிக்காரத்தனமாகவே பதில் சொல்கிறது. கட்டுரையை மட்டும் நீங்களே பப்மெட்டில் கண்ணால் பார்த்து எடுங்கள். எடுத்ததை ஜோட்டரோ என்ற ரெஃபரன்ஸ் மென்பொருளில் போட்டு வையுங்கள், காசு கிடையாது. கடைசி வாரத்தில் ராத்திரி இரண்டு மணிக்குக் கமாவும் முற்றுப்புள்ளியும் திருத்துகிற வேதனை மிச்சம்.

ஸ்டாஃப் நர்ஸ், குடியாத்தம்: அக்கா, டாக்டர்கள் மட்டும்தான் உங்களிடம் வருவார்களா? நாங்கள் கேட்டால் பதில் சொல்வீர்களா?

நர்ஸுகள் கேட்கிற கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். டாக்டர் நோயைக் கேட்பார், நர்ஸ் நடக்கிற காரியத்தைக் கேட்பாள்.

ஒரு சிஸ்டர் கேட்டது: "வென்ஃப்ளானை (மருந்து ஏற்ற நரம்பில் குத்தி வைக்கும் குழாய்) மூன்று நாளுக்கு ஒருதடவை மாற்றச் சொல்கிறார்கள். நன்றாக ஓடுகிற லைனைப் பிடுங்கிவிட்டு, நரம்பே கிடைக்காத பாட்டிக்கு மறுபடி குத்துகிறோம். அவசியமா?" தேடினோம். ஆஸ்திரேலியாவில் 3,283 நோயாளிகளை வைத்து நடந்த சோதனை 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்திருக்கிறது. நாள் கணக்கில் மாற்றினாலும் சரி, வலி, வீக்கம், அடைப்பு வந்தால் மட்டும் மாற்றினாலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை என்றது. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து எடைபோடும் காக்ரேன் தொகுப்பும் அந்தப் பக்கமே பேசியது. சிஸ்டருக்கு ஒரே சந்தோஷம்.

அப்புறம் 2021-இல் ஜெனீவாவில் இருந்து ஒரு கட்டுரை. அங்கே மருத்துவமனையில் நாள் கணக்கை நிறுத்திய பிறகு இரத்தத்தில் கிருமித் தொற்று கூடியது என்றது. முந்தையது போலச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனை இல்லை, நடந்ததைக் கணக்கெடுத்தது. இருந்தாலும் மறைக்கக் கூடாதல்லவா? அதையும் எடுத்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் கொடுத்தேன். முகம் வாடிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, தொற்றுத் தடுப்புக் குழுவில் பேசிக்கொள்ளுங்கள் என்றேன். பிடித்த பதிலை மட்டும் எடுத்துக் கொடுப்பவர் நூலகர் இல்லை, புரோக்கர்.

தனியார் மருத்துவமனை நிர்வாகி, ராணிப்பேட்டை: வாசிப்பு அறையில் ஈ ஓட்டுகிறார்கள். அந்த இடத்தைப் பில்லிங் கவுன்டருக்குக் கொடுக்கலாம் என்று பேச்சு. நூலகருக்குச் சம்பளம் கொடுப்பதால் என்ன லாபம் என்று போர்டு கேட்டால் நான் என்ன காட்டுவது?

அறையைக் கொடுத்துவிடுங்கள் ஐயா. ஆளை மட்டும் அனுப்பிவிடாதீர்கள். இதைச் சொன்னால் என் தோழிகளே என்னை அடிக்க வருவார்கள், ஆனால் என் அபிப்பிராயம் இதுதான்.

போர்டுக்கு இரண்டு கணக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் ராச்செஸ்டர் வட்டார மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு செய்து 1992-இல் வெளியிட்டார்கள். பதில் சொன்ன டாக்டர்களில் 80 சதவீதம் பேர், நூலகர் தேடிக் கொடுத்த தகவலால் சிகிச்சையில் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டோம் என்றார்கள். அதையே பெரிதாக, அமெரிக்காவிலும் கனடாவிலும் 118 மருத்துவமனைகளில் 16,122 பேரிடம் கேட்டு 2013-இல் வெளியிட்டபோது நான்கில் மூன்று பேர் அதையே சொன்னார்கள். ஓட்டையையும் நானே சொல்லிவிடுகிறேன்: இவை டாக்டர்களும் நர்ஸுகளும் தாங்களே சொன்னவை. யாரும் நோயாளிகளை எண்ணிப் பார்க்கவில்லை. போர்டில் கெட்டிக்காரர் யாராவது இருந்தால் இதைத்தான் கேட்பார், தயாராகப் போங்கள்.

ஆள் இருந்தால் என்ன செய்யச் சொல்வது என்றால், ரவுண்ட்ஸுக்கு அனுப்புங்கள். இது புதுசு இல்லை. கன்சாஸ் சிட்டியில் கெர்ட்ரூட் லாம்ப் என்ற அம்மையார் 1971-லேயே நூலகர்களை வார்டுக்கு அனுப்பிவிட்டார். கட்டிலருகே டாக்டர்கள் முழிக்கிற கேள்வியைக் குறித்துக்கொண்டு வந்து, சாயங்காலத்துக்குள் பதிலோடு போவார்கள். நானும் ஒரு வருடம் போனேன். முதல் வாரம், நான் நோயாளியின் உறவுக்காரி என்று நினைத்து வெளியே நிற்கச் சொன்னார்கள். மூன்றாவது மாதம் நான் வராத அன்று போன் வந்தது.

நம் வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில், தண்ணியில்லாத ஆறு என்று. சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியது. நீங்கள் நூலகரில்லாத நூலகம் என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்துவிடாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், சத்துவாச்சாரி: அம்மா, எங்கள் தெரு பழைய பேப்பர் கடையில் தோல் அட்டை போட்ட மருத்துவ இதழ்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. மனசு கேட்கவில்லை. எல்லாம் கணினியில் வந்துவிட்டதால் போடுகிறார்களா?

எல்லாம் வந்துவிடவில்லை ஐயா, அதுதான் விஷயம். 'இண்டெக்ஸ் மெடிகஸ்' என்று மருத்துவக் கட்டுரைகளுக்கான அட்டவணை 1879-இல் தொடங்கி 2004 வரை அச்சில் வந்தது. தூக்கினால் தோள்பட்டை கழன்றுவிடும். கணினியில் தேடுவதற்காக அதை மாற்றியபோது 1960-களின் நடுவில் இருந்துதான் ஏற்றினார்கள். அதற்கு முந்தையதைப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார்கள்.

இதில் ஓர் உயிர் போயிருக்கிறது. 2001-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆஸ்துமா பற்றி ஓர் ஆய்வு. நோய் எதுவும் இல்லாத 24 வயதுப் பெண் ஒருவர் அதில் தன்னார்வலராகச் சேர்ந்தார். ஹெக்சாமெத்தோனியம் என்ற மருந்தை மூச்சில் இழுக்கவைத்தார்கள். நுரையீரல் பழுதாகி இறந்துபோனார். ஆய்வை நடத்திய டாக்டர் முன்கூட்டியே பப்மெட்டில் தேடியிருந்தார். அப்போது அது 1966 வரைதான் பின்னால் போகும். அந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கும் என்று 1950-களிலேயே எழுதியிருந்தார்கள்.

அந்தக் கடைக்காரரிடம் ஆண்டு பார்த்து வாங்க முடிந்தால் 1966-க்கு முந்தையதை வாங்கி வையுங்கள். அதற்குப் பிந்தையது போனால் போகட்டும்.

விரிவுரையாளர், தனியார் பாராமெடிக்கல் கல்லூரி, வாலாஜா: 'ஒரே நாடு ஒரே சந்தா' எங்களுக்கும் உண்டா?

ஆய்வு இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் அது. முதல் கட்டத்தில் உங்களுக்கு இல்லை. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 இதழ்கள் என்று 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும்தான் அது. உங்களுக்கு பப்மெட் சென்ட்ரல் தளத்தில் முழுக் கட்டுரையாக இலவசமாகக் கிடைப்பது, கட்டுரை எழுதியவருக்கே மெயில் போட்டுக் கேட்பது, இந்த இரண்டும் உண்டு. மெயில் போட்டால் முக்கால்வாசிப் பேர் அனுப்பிவிடுகிறார்கள். என் அனுபவத்தில் ஜப்பான்காரர்கள்தான் ரொம்ப வேகம்.

எம்.லிப். (நூலக அறிவியல்) மாணவி, ஆற்காடு: மேடம், நான் மருத்துவ நூலகராகலாமா? என்ன படிக்க வேண்டும்?

சம்பளத்துக்காக என்றால் வேண்டாம் கண்ணு. பல இடத்தில் நூலகர் வேலையைச் செய்யவைத்து 'உதவியாளர்' என்று எழுதிக் கொடுப்பார்கள்.

அதையும் தாண்டி வருகிறாய் என்றால், எம்.லிப்.பில் சொல்லித் தராததை நீயாகப் படி. உடல் உறுப்பு, நோய்ப் பெயர்களின் வேர்ச்சொற்கள். மெஷ் என்ற மருத்துவத் தலைப்புச் சொல்லடைவு, தினமும் ஒரு தலைப்பாவது பிரித்துப் பார். ஒரு கேள்விக்கான ஆய்வுகளையெல்லாம் தேடிச் சேர்த்து எடைபோடும் முறைசார்ந்த தொகுப்பாய்வு எப்படிச் செய்கிறார்கள், அதில் தேடலை எப்படிப் பதிவு செய்கிறார்கள் என்று பார். இப்போது வேலை அங்கேதான் வளர்கிறது, உன் பெயரும் கட்டுரையில் ஆசிரியராக வரும். போலி இதழ்களை மோப்பம் பிடிக்கக் கற்றுக்கொள். 'பிரிடேட்டரி ஜர்னல்' என்ற பெயரை வைத்ததே ஜெஃப்ரி பீல் என்ற ஒரு நூலகர்தான்.

நூலகத் துறை முன்னோடி, சீர்காழிக்காரர் ரங்கநாதன் சொன்ன ஐந்து விதிகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பாய். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. ஐ.சி.யு.வில் இருந்து ஒருநாள் போன் வரும், அன்றைக்கு அந்த விதி உனக்குப் புரியும்.

நோயாளியின் மகன், ஆரணி: அம்மாவுக்குச் சிகிச்சை நடக்கிறது. டாக்டர் சொல்வது பாதி புரியவில்லை. எங்களைப் போன்றவர்கள் நூலகரிடம் கேட்கலாமா?

கேட்கலாம். பல வெளிநாட்டு மருத்துவமனைகளில் இதற்கென்றே ஆள் இருக்கிறார்கள். நம் பக்கம் அந்தப் பழக்கம் வரவில்லை, வரவேண்டும். அதுவரைக்கும் காக்ரேன் தளத்தில் எளிய சுருக்கங்கள் இருக்கின்றன, சிலவற்றைத் தமிழிலும் போட்டிருக்கிறார்கள். நோயின் பெயரை டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காதில் விழுந்ததை வைத்துத் தேடினால் வேறு நோய்க்குப் பயந்துகொண்டிருப்பீர்கள்.

எனக்கும் எழுதலாம். அம்மாவின் வயது, நோயின் பெயர், சாப்பிடுகிற மாத்திரை, உங்களுக்கு எது தெரியவேண்டும் என்பது, இந்த நாலும் இருக்கட்டும். ரிப்போர்ட்டைப் படம் பிடித்துக் குழுவில் போடாதீர்கள், அது அம்மாவின் சொந்த விஷயம். எந்த மருந்து நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அடுத்த முறை டாக்டரிடம் என்ன கேட்பது என்று எழுதிக் கொடுப்பேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அனுப்புங்கள், மத்தியானம் வெயிலுக்கு நான் தூங்கிவிடுவேன்.